பொண்ணு பேர்ல பணம் போடுறதுக்கு முன்னாடி ஏபிள் அக்கவுன்ட் பத்தி தெரிஞ்சுக்கோங்க

தம்பி, கிரீன் கார்டுல குடும்பத்தோட அமெரிக்கா வந்துட்டோம், 9 வயசு பொண்ணுக்கு ஆட்டிசம், தாத்தா ஊர்லேர்ந்து அவ பேர்ல சேர்த்து வைக்க பணம் அனுப்புறேங்கறார், சாதாரண சேவிங்ஸ்ல போட்டுடலாமான்னு கேட்டிருந்தீங்க. போடாதீங்க.

நம்மாளுங்களுக்கு பிள்ளை பேர்ல ஏதாவது கிடந்தாதான் நிம்மதி, ஆனா இங்க அதுதான் பின்னாடி இடிக்கும். 18 வயசு தாண்டி எஸ்எஸ்ஐக்கு, அதாவது வசதி கம்மியா இருக்கிற குறைபாடு உள்ளவங்களுக்கு ஃபெடரல் அரசு மாசாமாசம் தர்ற உதவித்தொகைக்கு, அப்ளை பண்ணும்போது உங்க சம்பளத்த பார்க்க மாட்டாங்க, அவ பேர்ல என்ன இருக்குன்னுதான் பார்ப்பாங்க, 2,000 டாலர தாண்டினா கிடையாது, நிறைய ஸ்டேட்ல மெடிக்கெய்டும் (வருமானம் கம்மியானவங்களுக்கான அரசு மருத்துவ காப்பீடு) அதோட ஒட்டிக்கிட்டு வர்றதுதான், அதுவும் சிக்கலாயிடும். அந்த 2,000 வேற 1989லேர்ந்து அப்படியே நிக்குது, விலைவாசி எங்கேயோ போயிடுச்சு!

அதுக்குத்தான் ஏபிள் அக்கவுன்ட், குறைபாடு உள்ளவங்க பேர்ல திறக்கிற தனி சேமிப்புக் கணக்கு. 2014 டிசம்பர்ல ஒபாமா கையெழுத்து போட்ட சட்டம். இதுல 1,00,000 டாலர் வரைக்கும் இருந்தாலும் எஸ்எஸ்ஐ கணக்குல சேராது, அதுக்கு மேல போனா எஸ்எஸ்ஐ நிக்கும், மெடிக்கெய்ட் நிக்காது. தாத்தா, மாமா, நீங்க, யாரு வேணா போடலாம், ஆனா எல்லாரும் சேர்ந்து வருஷத்துக்கு இவ்வளவுதான்னு ஒரு வரம்பு இருக்கு, 2025ல அது 19,000 டாலரா இருந்துச்சு. போடுற பணத்துக்கு ஃபெடரல் டாக்ஸ்ல கழிவு இல்ல, உள்ள வளர்றதுக்கும் அவளோட தேவைக்கு எடுக்கறதுக்கும் டாக்ஸ் இல்ல. தெரபி, ஸ்கூல், வண்டி, வாடகைன்னு தேவைங்கறது ரொம்ப விரிவாவே இருக்கு. சம்பந்தமில்லாத செலவுக்கு எடுத்தா வளர்ந்த பங்குக்கு டாக்ஸ் கட்டணும், மேல 10% வேற.

கிரீன் கார்டுக்கு எஸ்எஸ்ஐயே லேசுல கிடைக்காதே, இப்ப எதுக்குன்னு கேப்பீங்க. அவளுக்கு 18 ஆகறதுக்குள்ள உங்கள்ல ஒருத்தர் சிட்டிசன் ஆயிட்டா, கிரீன் கார்டோட உங்ககூட இருக்கிற அவளும் தானா ஆயிடுவா. அன்னிக்கு அவ பேர்ல வெளிய பணம் கிடந்தா என்ன பண்ணுவீங்க? அதோட, அக்கவுன்ட் திறக்க எஸ்எஸ்ஐ வாங்கிட்டிருக்கணும்னு கட்டாயமில்ல. குறைபாடு சின்ன வயசுலயே வந்ததுன்னும் தீவிரமானதுன்னும் நீங்களே உறுதி கொடுக்கலாம், டாக்டர் கையெழுத்து போட்ட டயக்னோசிஸ் லெட்டர் மட்டும் பத்திரமா கையில இருக்கணும். முன்ன 26 வயசுக்குள்ள வந்த குறைபாடுதான் செல்லும், 2026 ஜனவரிலேர்ந்து அத 46 ஆக்கிட்டாங்க, அதனால சொந்தத்துல பெரியவங்க யாராவது இருந்தா அவங்க காதுலயும் போடுங்க. நம்ம பக்கம் இதையெல்லாம் வெளிய சொல்லாம மூடி வைக்கிறதாலேயே பாதி பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியல.

ரெண்டு விஷயத்துல உஷாரா இருங்க. பின்னாடி அவ எஸ்எஸ்ஐல இருக்கும்போது வாடகைக்குன்னு எடுத்தா அந்த மாசமே கட்டிடணும், அடுத்த மாசத்துக்கு கையில தங்கினா அது 2,000 கணக்குல விழுந்துடும். இன்னொண்ணு, அவ காலத்துக்கு அப்புறம் மிச்சத்துல ஸ்டேட் தன் மெடிக்கெய்ட் செலவ கேட்டு வர சட்டத்துல இடமிருக்கு. அதனால வீடு வித்த காசு மாதிரி பெரிய தொகைன்னா லாயர பாத்து ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட் (பணத்த அவளுக்காக இன்னொருத்தர் பொறுப்புல வைக்கிற ஏற்பாடு) போடுங்க, தாத்தா அனுப்புற அளவுக்கு ஏபிளே போதும்.

எந்த ஸ்டேட்ல இருக்கீங்கன்னு சொல்லலையே? ஏபிள் பிளான ஸ்டேட்டுங்கதான் நடத்துது, ஒருத்தருக்கு ஒரு அக்கவுன்ட்தான், வேற ஸ்டேட் பிளான்லயும் திறக்கலாம், ஆனா சில ஸ்டேட்ல சொந்த பிளான்ல போட்டாதான் ஸ்டேட் டாக்ஸ்ல கழிவு தர்றாங்க, மொதல்ல அத பாத்துட்டு திறங்க.