இரண்டாவது கோடு மங்கலாக இருக்கிறதே, நம்பலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. கடலூர் முதுநகரிலிருந்து தினமும் பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போய் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். எனக்கு 35 நாளுக்கு ஒருமுறைதான் பீரியட்ஸ் வரும். இந்த முறை 32-ம் நாள் கர்ப்பப் பரிசோதனை கிட் வாங்கிப் பார்த்தேன், ஒரே கோடு. இன்று 37-ம் நாள். இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிகிறது. மார்பு வலியும் அசதியும் இருக்கிறது, வாந்தி இல்லை. "மசக்கையே காணோமே" என்கிறார் மாமியார். மருந்துக் கடையில் 'பீரியட்ஸ் வர' மாத்திரை இருக்கிறது என்றார்கள். வாங்கிப் போடலாமா?

பதில்: மாத்திரை வேண்டாம். அது ஹார்மோன் மாத்திரை. கரு இருந்தால் அதனால் பீரியட்ஸ் வரப்போவதில்லை. காத்திருக்கும் நாட்கள்தான் வீணாகும்.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். கருமுட்டை வெளிவருவது அடுத்த பீரியட்ஸுக்குச் சுமார் 14 நாள் முன்னால். 28 நாள் சுழற்சிக்காரருக்கு அது 14-ம் நாள், உங்களுக்கோ 21-ம் நாள் வாக்கில். அதாவது 32-ம் நாள் நீங்கள் சோதித்தபோது 11 நாள்தான் ஆகியிருந்தது. கரு கர்ப்பப்பையில் ஒட்டிய பிறகுதான், கிட் கண்டுபிடிக்கும் எச்.சி.ஜி. ஹார்மோன் சுரக்கத் தொடங்கும். அந்த ஒட்டுதலுக்கே 6 முதல் 12 நாள் பிடிக்கும். அன்று ஒற்றைக் கோடு விழுந்ததில் ஆச்சரியமே இல்லை.

மங்கலான கோடும் கோடுதான். கிட்டின் அட்டையில் போட்டிருக்கும் நேரத்துக்குள் நிறத்தோடு தெரிந்திருந்தால் பெரும்பாலும் கர்ப்பம் என்றே எடுத்துக்கொள்ளலாம். அரை மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்துச் சாம்பலாகத் தெரிந்த கோட்டை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். தொடக்கத்தில் இந்த ஹார்மோன் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அதனால் இரண்டு நாள் விட்டு, காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் இன்னொரு கிட்டில் பாருங்கள்.

சரி, மசக்கை? பழைய படங்களில் நாயகி வாயைப் பொத்திக்கொண்டு ஓடினால்தான் வீட்டுக்கே விஷயம் தெரியும். நிஜத்தில் குமட்டல் ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் பலருக்கு ஆரம்பிக்கும். சிலருக்கு வருவதே இல்லை. மார்பு வலி, அசதி, வயிறு உப்பல் இவற்றையும் நான் பெரிதாக நம்புவதில்லை. பீரியட்ஸுக்கு முன்னால் சுரக்கும் அதே புரொஜெஸ்ட்ரோன் ஹார்மோன்தான் கர்ப்பத்திலும் இவற்றைக் கொண்டுவருகிறது. 'முழுகாமல் இருக்கிறாள்' என்று நம் பாட்டிகள் வாந்தியை விட்டுவிட்டு நாளைத்தானே கணக்கு வைத்தார்கள்! மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், ஒப்புக்கொள்வார்.

கடைசியாக பீரியட்ஸ் வந்த முதல் நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தேதி கேட்டால், "மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போக முடியலை டாக்டர், அன்னைக்குத்தான் வந்துச்சு" என்பார்கள். அதுவும் எனக்கு உதவும் தேதிதான். கூடவே உங்கள் சுழற்சி 35 நாள் என்பதையும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கரு ஒரு வாரம் சின்னதாக இருக்கிறதே என்று ஸ்கேனில் வீண் பயம் கிளம்பும். இன்றே ஸ்கேன் எடுத்தால் எதுவும் தெரியாமல் போகலாம். இரண்டு மூன்று வாரம் கழித்து எடுத்தால் துடிப்பையே பார்க்கலாம்.

ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம் இப்போதே தொடங்கலாம். தைராய்டு, வலிப்பு, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் நீங்களாக எதையும் நிறுத்தாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். பஸ் பயணத்தால் கரு கலையாது. கடையில் மணிக்கணக்கில் நிற்பதற்கு நடுவே மட்டும் கொஞ்சம் உட்காருங்கள்.

வேலை புதுச்சேரியில் என்பதால் எல்லைப்பிள்ளைச்சாவடி அரசு மகளிர் மருத்துவமனை உங்களுக்குப் பக்கமாகத் தோன்றலாம். ஆனால் வீடு தமிழ்நாட்டில். முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவிக்கு 12 வாரத்துக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். அதனால் உங்கள் பகுதிச் சுகாதார செவிலியரிடம் சொல்லி பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) வாங்கிவிடுங்கள்.

ஓரிரு சொட்டு ரத்தக் கசிவு சிலருக்கு இருக்கும். பரிசோதனையில் சொன்னால் போதும். அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை வலி, தலைசுற்றி மயக்கம், அதிக ரத்தப்போக்கு இவற்றில் எது வந்தாலும் கரு கர்ப்பப்பைக்கு வராமல் கருக்குழாயிலேயே தங்கியிருக்கக் கூடும். அப்போது இரண்டாவது கிட்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். நடு ராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.