பினாங்கில் எங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) பக்கத்தில் கேசினோ வரப்போகிறதாம். குடியிருப்பாளர்களால் தடுக்க முடியுமா?

முடியும். ஆனால் பேனர் கட்டுவதற்கு முன் வருவது கேசினோதானா என்று பாருங்கள். மலேசியாவில் சட்டப்படி நடக்கிற கேசினோ ஒன்றே ஒன்றுதான், கெந்திங் மலையில். துங்கு அப்துல் ரஹ்மான் பிரதமராக இருந்தபோது 1969-இல் கிடைத்த உரிமம் அது. கேசினோ திறந்தது 1971-இல். 2024 ஏப்ரலில் ஜொகூர் ஃபாரஸ்ட் சிட்டியில் இன்னொன்று வரப்போவதாகச் செய்தி கிளம்பியபோது, பிரதமர் அன்வாரும் பெயர் அடிபட்ட நிறுவனங்களும் உடனே மறுத்தார்கள்.

அதனால் தாமானில் "கேசினோ" என்ற பேச்சு அடிபட்டால், அது பெரும்பாலும் வேறு ஏதாவதாக இருக்கும். எண் லாட்டரி விற்கும் நம்பர் கடையின் புதுக் கிளையாக இருக்கலாம். உறுப்பினருக்கு மட்டும் என்று சொல்லி ஸ்லாட் மெஷின் வைக்கிற கிளப்பாக இருக்கலாம். சைபர் கஃபே, குடும்பப் பொழுதுபோக்கு மையம் என்ற பலகைக்குப் பின்னால் நடக்கும் ஆன்லைன் சூதாட்டமாக இருக்கலாம். அல்லது ஹோட்டலும் மாலும் சேர்ந்த திட்டத்தில் ஒரு தளத்துக்கு "கேளிக்கை" என்று மட்டும் எழுதி வைத்திருப்பார்கள். உங்களைக் கவலைப்பட வைக்க வேண்டியது இந்தக் கடைசி வகைதான். அந்த ஒரு சொல்லை எதிர்க்காமல் விட்டால், பிறகு அதற்குள் எதை வைத்தாலும் "ஏற்கெனவே அனுமதி வாங்கியாயிற்று" என்பார்கள்.

சூதாட்ட இடம் திறக்க இரண்டு சாவிகள் வேண்டும். முதல் சாவி மத்திய அரசு இருக்கும் புத்ராஜெயாவில், நிதி அமைச்சரிடம். 1953-ஆம் ஆண்டு பொதுச் சூதாட்ட விடுதிகள் சட்டத்தின் 27ஏ பிரிவு அந்த அதிகாரத்தை அவருக்குத் தருகிறது. அதைத் தருவதற்கு முன் உங்கள் தாமானைக் கேட்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இரண்டாவது சாவி உள்ளூரில் இருக்கிறது: நிலத்தின் பயன்பாடு, திட்ட அனுமதி, கடைக்கான வணிக உரிமம். உங்கள் கை எட்டுவது இதற்குத்தான்.

இந்த இரண்டாவது சாவி சும்மா பேருக்கு இருப்பதல்ல. 2010 மே மாதம், உலகக் கிண்ணக் காற்பந்துக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு நிறுவனத்துக்கு விளையாட்டுப் பந்தய உரிமம் கிடைக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. பந்தயக் கடைக்கு இங்கே இடம் கொடுக்க மாட்டோம் என்று பினாங்கு அரசு சொன்னது. மற்ற மாநிலங்களிலும் எதிர்ப்பு கிளம்பியது. ஜூன் கடைசியில் பிரதமர் நஜிப் உரிமம் இல்லை என்று அறிவித்தார். 2021 நவம்பரில் கெடா, நம்பர் கடைகளின் வணிக உரிமத்தைப் புதுப்பிப்பதில்லை என்று முடிவெடுத்தது. அந்த நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு பேச்சு. மத்திய உரிமம் கையில் இருந்தும் கடையைத் திறக்க முடியாமல் போகலாம் என்பதுதான் இங்கே விஷயம்.

இனி வேலைக்கு வருவோம். முதலில் அந்த நிலத்தின் லாட் எண்ணை (மனை எண்ணை) கண்டுபிடியுங்கள். அது இல்லாமல் எந்த அலுவலகத்திலும் பேச்சு நகராது. நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி அந்த லாட்டுக்குத் தேடல் எடுத்தால் உரிமையாளர் யார், நிலத்தின் வகை என்ன, கெரானில் (நிலப் பட்டாவில்) எழுதியிருக்கும் 'ஷாராட் ஞாத்தா', அதாவது நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை, என்ன என்பது தெரியும். விவசாய நிலமாகவோ வீட்டுக்கான கட்டட நிலமாகவோ இருந்தால், வணிகத்துக்கு மாற்ற மாநில அரசின் தனி அனுமதி வேண்டும். அது நீங்கள் எதிர்க்கக்கூடிய இன்னொரு வாசல். அடுத்து மாநகர் மன்றத்தின் திட்டப் பிரிவுக்குப் போய், அந்த லாட்டுக்கு விண்ணப்பம் வந்திருக்கிறதா, கோப்பு எண் என்ன, உள்ளூர்த் திட்டத்தில், அதாவது எந்த நிலம் எதற்கு என்று நிறம் பிரித்துக் காட்டும் மன்றத்தின் வரைபடத் திட்டத்தில், அந்த இடத்துக்கு என்ன நிறம் தீட்டியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். தீவு என்றால் பினாங்கு மாநகர் மன்றம். பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் என்றால் செபராங் பிறை மாநகர் மன்றம். கடிதத்தை மாற்றி அனுப்பினால் வாரக்கணக்கில் சுற்றும்.

பலர் கோட்டை விடுவது நோட்டீஸ் விஷயத்தில். 1976-ஆம் ஆண்டு நகர, ஊரகத் திட்டச் சட்டம், அதாவது சட்டம் 172, 21-ஆம் பிரிவின்படி, உள்ளூர்த் திட்டம் நடப்பில் இல்லாத பகுதியில் ஒரு விண்ணப்பம் வந்தால், மன்றம் பக்கத்து நில உரிமையாளர்களுக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள். "பக்கத்து நிலம்" என்பதற்கும் அளவு இருக்கிறது. ஒட்டியிருக்கும் நிலம், நடுவில் 20 மீட்டருக்கு மேற்படாத சாலையோ சந்தோ கால்வாயோ இருந்து, அது இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் நிலம், இரு தரப்பும் ஒரே முட்டுச் சாலையைப் பயன்படுத்தினால் எல்லையிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கும் நிலம். அவ்வளவுதான். மூன்று தெரு தள்ளி இருப்பவருக்கு நோட்டீஸ் வராது, அவர் வீட்டு வாசலில் எவ்வளவு நெரிசல் வந்தாலும்.

உள்ளூர்த் திட்டம் அரசிதழில் வந்துவிட்ட பகுதியில் இந்த நோட்டீஸ் கடமையே கிடையாது. திட்டம் தயாராகும்போதே பொதுமக்களைக் கேட்டாயிற்று என்பது சட்டத்தின் கணக்கு. வரைவுத் திட்டத்தைக் காட்சிக்கு வைக்கும் அந்தச் சில வாரங்களில் மன்ற அலுவலகத்துக்கு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வினை அங்கேதான் தொடங்குகிறது. அப்படிப்பட்ட பகுதியில் நீங்களாகவே கோப்பைத் தேடிப் பிடித்து எழுத வேண்டும்.

இன்னொரு சிக்கல், நம் வீடுகளில் நிறையப் பார்க்கலாம். கெரான் இன்னும் காலமான அப்பா பெயரிலேயே இருக்கும். முகவரி பழைய தோட்ட முகவரியாக இருக்கும். நோட்டீஸ் அங்கே போய், யாரும் பிரிக்காமல் கிடக்கும். பிள்ளைகள் ஆட்சேபம் எழுதினால், "நீங்கள் பதிவு பெற்ற உரிமையாளர் இல்லையே" என்ற கேள்வி வரும். அப்படியிருந்தால் இறப்புச் சான்றிதழ், சொத்து நிர்வாக ஆணை இவற்றின் நகலை முதல் கடிதத்தோடேயே இணையுங்கள். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அடுக்குமாடி என்றால் நிர்வாகக் கழகம் கூட்டம் போட்டு, தீர்மானத்தை மினிட்டில் ஏற்றி, கழகத்தின் பெயரில் எழுத வேண்டும். தலைவர் தனியாக எழுதிய கடிதத்தை "கழகத்தின் நிலைப்பாடு இல்லை" என்று தள்ளிவிட முடியும்.

கடிதம் மலாயில் இருக்கட்டும். மேலே கோப்பு எண், விண்ணப்ப லாட் எண், உங்கள் லாட் எண். கூட சுக்காய் பிந்து (வீட்டு வரி) ரசீது நகல். "கேட்டல் கூட்டத்தில் நேரில் பேச விரும்புகிறேன்" என்ற வரியை விட்டுவிடாதீர்கள்; கேட்டவரைத்தான் கூப்பிடுவார்கள். கவுண்டரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். 500 கையெழுத்துப் போட்ட மகஜர் பத்திரிகைப் படத்துக்கு நல்லது, ஆனால் கோப்பில் அது ஒரே ஆட்சேபமாகத்தான் உட்காரும். பக்கத்து நிலம் வைத்திருக்கும் 40 வீட்டுக்காரர்கள் தனித்தனியாக எழுதினால் 40 ஆட்சேபம், 40 பேருக்குப் பேசும் உரிமை, பின்னால் 40 பேருக்கும் மேல்முறையீட்டு உரிமை.

இப்போது காரணங்கள். "சூதாட்டம் குடியைக் கெடுக்கும்" என்பது உண்மை. ஆனால் திட்ட அதிகாரி அதை எடைபோட மாட்டார். அவர் பார்ப்பது நிலப் பயன்பாடு, போக்குவரத்து, வாகன நிறுத்தம், சத்தம், சுற்றுப்புறத்தோடு பொருத்தம். அவர் மொழியிலேயே எழுதுங்கள்.

போக்குவரத்தில்தான் விண்ணப்பதாரரின் அறிக்கை பெரும்பாலும் ஓட்டையாக இருக்கும். வழக்கமாக வாகனம் எண்ணுவது வேலைநாள் காலை நெரிசலிலும் மாலை நெரிசலிலும். சூதாட்ட இடத்துக்குக் கூட்டம் வருவதோ வெள்ளி, சனி இரவுகளிலும் விடுமுறைக்கு முந்தைய நாளிலும். அறிக்கையைக் கேட்டு வாங்கி, எந்தக் கிழமை, எந்த நேரம் எண்ணினார்கள் என்று பாருங்கள். பிறகு நீங்களே எண்ணுங்கள். சந்திப்பின் ஒவ்வொரு கைக்கும் ஒருவர், 15 நிமிடத்துக்கு ஒரு வரி, கார், மோட்டார், வேன், பஸ் தனித்தனிக் கட்டம், நேராகப் போவதும் இடம் வலம் திரும்புவதும் தனித்தனி. வெள்ளி, சனி இரண்டு இரவும் 8 மணி முதல் 12 வரை. அதே பகுதியில் பசார் மாலாம் (இரவுச் சந்தை) நடக்கும் இரவை அதில் கட்டாயம் சேர்த்து, அதைக் குறிப்பிட்டும் விடுங்கள். மறைத்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். இருக்கிற வாகன நிறுத்தக் கட்டங்களை எண்ணி, இரவு 9 மணிக்கு எத்தனை காலியாக இருந்தன என்று படத்தோடு வையுங்கள். தமிழ்ப்பள்ளி, கோயில், சூராவ் (சிறு தொழுகை இடம்), பாலர் பள்ளி ஒவ்வொன்றுக்கும் எத்தனை மீட்டர் என்று நடந்து போகும் வழியில் அளந்து வரைபடத்தில் குறியுங்கள். மன்றத்தின் வழிகாட்டியில் தூரக் கட்டுப்பாடு இருந்தால் அந்தப் பத்தியையே இணையுங்கள்.

வீட்டு விலை குறையும் என்ற வாதம் சுயநலமாகக் கேட்கும், விட்டுவிடலாம். எந்த இனத்தவர் வந்து ஆடுவார்கள் என்ற பேச்சு கூட்டத்தில் ஒரு வாய் தப்பி வந்தாலே உங்கள் கோப்பு கெட்டது. ஆனால் ஒன்றை நமக்குள் சொல்லிக்கொள்ளலாம். முஸ்லிம்களுக்கு ஷரியா சட்டப்படி சூதாட்டம் குற்றம், கெந்திங் கேசினோவுக்குள்ளும் அவர்கள் நுழைய முடியாது. ஆகவே "சுற்றுப்பயணிகளுக்காக" என்று சொல்லப்படும் எந்தத் திட்டத்திலும் உள்ளூர் வாடிக்கையாளர் யார் என்பது கணக்குப் போடாமலே தெரியும். சிங்கப்பூர் தன் குடிமக்களிடமும் நிரந்தரவாசிகளிடமும் 24 மணி நேர நுழைவுக்கு 150 சிங்கப்பூர் வெள்ளி வரி வாங்குகிறது. உங்கள் திட்டத்தில் அப்படி என்ன தடுப்பு இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

குடும்பம், கடன், ஆலோங் (சட்டவிரோத வட்டிக்காரர்) பற்றிய வாதங்களுக்கு இடம் வேறு கடிதம், மன்றத்தின் உரிமப் பிரிவுக்கு. 1976-ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 107-ஆம் பிரிவு, உரிமத்தை மறுக்கவும் திரும்பப் பெறவும் மன்றத்துக்கு அதிகாரம் தருகிறது, அதுவும் காரணம் சொல்லாமலே. விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் வட்டிக்காரன் ஸ்டிக்கர் படங்கள், போலீஸ் புகார் எண்கள், அரை கிலோமீட்டருக்குள் எத்தனை அடகுக் கடை, எத்தனை நம்பர் கடை என்ற பட்டியல், எல்லாம் இதற்குள் போகட்டும். கவுன்சிலர்கள் நியமனப் பதவிக்காரர்கள். உள்ளூராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டதுதான், திரும்ப வரவில்லை. ஆகவே கவுன்சிலரோடு சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல் போகட்டும். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் சூதாட்டத்துக்கு எதிராகப் பல காலமாகப் பேசி வருகிறது. அங்கேயும் ஒரு நகல் கொடுங்கள்.

ஆட்சேபத்தை மீறி அனுமதி கொடுத்துவிட்டால், 21-ஆம் பிரிவின்படி ஆட்சேபம் பதிவு செய்த பக்கத்து நில உரிமையாளர் ஒரு மாதத்துக்குள் மாநில மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். ஆட்சேபமே எழுதாதவருக்கு அந்தக் கதவு இல்லை. சுங்கை ஆராவில் குன்று நிலத்தில் வரவிருந்த வீட்டுத் திட்டத்தை ஓர் அடுக்குமாடி நிர்வாகக் கழகம் இப்படித்தான் எதிர்த்தது. 2015-இல் வாரியம் அனுமதியை ரத்து செய்தது, நடுவில் இரண்டு நீதிமன்றங்கள் அதைப் புரட்டின, 2023-இல் கூட்டரசு நீதிமன்றம் குடியிருப்பாளர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அவர்கள் பிடித்துக்கொண்டது மாநிலக் கட்டமைப்புத் திட்டத்தில் குன்று நிலம் பற்றி எழுதியிருந்ததை.

கோலாலம்பூரில் இருக்கும் உறவினருக்கு இதை அனுப்பினால், அங்கே சட்டம் 172 செல்லாது, 1982-ஆம் ஆண்டின் சட்டம் 267-தான் என்று சொல்லிவிடுங்கள். கவுன்சிலரும் கிடையாது, டத்தோ பண்டார் (மேயர்) தான் எல்லாம். அனுமதி கொடுத்தபின் குடியிருப்பாளர் போகும் வழி உயர்நீதிமன்றச் சீராய்வு. 3 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் ரிம்பா கியாரா பூங்கா வழக்கு அப்படிப் போனதுதான். 2017-இல் கொடுத்த அனுமதி 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றத்தில் ரத்தானது. அந்தத் திட்டத்தோடு, பழைய புக்கிட் கியாரா தோட்டத்து நீள்வீட்டுக் குடும்பங்களுக்கு நிரந்தர வீடு தருவதும் இணைக்கப்பட்டிருந்தது. மேம்பாட்டாளர்கள் இப்படி ஓர் ஏழைக் கூட்டத்தின் நியாயமான கோரிக்கையைத் திட்டத்தோடு முடிச்சுப் போடுவதுண்டு. அந்த மக்களோடு முதலிலேயே பேசி, அவர்கள் கோரிக்கையையும் உங்கள் கடிதத்தில் சேர்க்காவிட்டால், தமிழரைத் தமிழர் எதிர்க்கும் காட்சிதான் மிஞ்சும்.

வருவது உரிமமே இல்லாத மெஷின் கடை என்றால் மேலே சொன்ன எதுவும் தேவையில்லை. அடையாளம் சுலபம்: இரும்புக் கதவு எப்போதும் பாதி இறங்கியிருக்கும், கண்ணாடியில் கறுப்புத் தாள், வாசலில் பெயர்ப்பலகை இல்லாமல் கேமரா மட்டும் இரண்டு, பின் சந்தில் விடியற்காலை 3 மணிக்கும் ஏர்கோன் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே போகாதீர்கள், அங்கே ஆடுபவரும் சட்டப்படி குற்றவாளிதான். கடை எண், நாள், நேரம், வந்துபோகும் வாகன எண் எழுதிப் போலீசில் புகார் கொடுத்து, நகலை மன்றத்தின் அமலாக்கப் பிரிவுக்கும் கொடுங்கள். பிடிபட்டால் மெஷின் ஒன்றுக்கு 10,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. கடைக்காரர்கள் மாட்டாமல் தப்புவது பெரும்பாலும் இடம் மாறித்தான், அதனால் கட்டட உரிமையாளருக்கும் ஒரு கடிதம் போட்டு வைத்தால் "எனக்குத் தெரியாது" என்று அவர் பின்னால் சொல்ல முடியாது.

உரிமத்தோடு திறந்துவிட்ட கடை என்றால் அடுத்த வாய்ப்பு புதுப்பிப்பில். வணிக உரிமம் பெரும்பாலும் ஓராண்டுக்கானது. எப்போது முடிகிறது என்று உரிமப் பிரிவில் கேட்டுக்கொண்டு, அதற்கு 2, 3 மாதம் முன்பே ஆண்டு முழுக்கச் சேர்த்த படங்கள், புகார் எண்களோடு கடிதம் கவுண்டரில் இருக்கட்டும்.