எட்டாம் வகுப்புப் பிட்சருக்கு எந்த டிராவல் டீம்?

கேள்வி: டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். எட்டாம் வகுப்பு படிக்கும் மகன் பேஸ்பாலில் பிட்சர், அதாவது பந்து வீசுபவன். சில நேரம் பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சராகவும் நிற்பான். இரண்டு டிராவல் டீம்கள் (பள்ளிக்கு வெளியே, கட்டணம் வாங்கிப் போட்டிகளுக்குக் கூட்டிப்போகும் அணிகள்) அழைத்திருக்கின்றன. ஒன்று, பெரிய கிளப்பின் மூன்றாவது அணி. 17 பேர், ஜார்ஜியா, ஃபுளோரிடா வரை பயணம். இன்னொன்று உள்ளூர் கோச் ஒருவரின் அணி. 12 பேர், போட்டிகள் எல்லாம் டாலஸைச் சுற்றியே. பெரிய கிளப்பில் இருந்தால்தான் கல்லூரி உதவித்தொகை கிடைக்கும் என்கிறார்கள் நண்பர்கள். கிரிக்கெட் மட்டுமே தெரிந்த எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எதில் சேர்ப்பது?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், உள்ளூர் அணிதான். ஆனால் பணம் கட்டும் முன் அந்தக் கோச்சிடம் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். போட்டி ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை நீண்டால், அப்போது யார் பிட்ச் செய்வார்கள்?

டிராவல் போட்டிகள் பெரும்பாலும் வார இறுதியில் நடப்பவை. சனிக்கிழமை லீக் ஆட்டங்கள், ஞாயிறு நாக்அவுட். தொடர்ந்து ஜெயித்தால் இரண்டு நாளில் நான்கைந்து ஆட்டம் வந்துவிடும். நல்ல பிட்சர்களைச் சனிக்கிழமையே பயன்படுத்திவிட்ட கோச்சுக்கு, கோப்பை கண்ணுக்குத் தெரியும்போது, 'இன்னும் ஒரு இன்னிங்ஸ் போடுறியாப்பா?' என்று கேட்கத் தோன்றும். (கிரிக்கெட் போல இல்லை, பேஸ்பாலில் இன்னிங்ஸ் என்பது ஆட்டத்தின் ஒரு சுற்று.) பதினான்கு வயதுப் பையன் முடியாது என்று சொல்லமாட்டான்.

மேஜர் லீக் பேஸ்பாலும் யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து வெளியிட்ட 'பிட்ச் ஸ்மார்ட்' வழிகாட்டி, 13, 14 வயதுக்காரர்களுக்கு ஒரு நாளில் 95 பந்துகள்தான் உச்ச வரம்பு என்கிறது. 66 பந்துகளோ அதற்கு மேலோ வீசினால் நான்கு நாள் ஓய்வு. 36 முதல் 50 என்றால் இரண்டு நாள். அதாவது சனிக்கிழமை 40 பந்து வீசியவன் ஞாயிற்றுக்கிழமை பிட்ச் செய்யக் கூடாது. ஆண்டுக்கு 100 இன்னிங்ஸைத் தாண்டக் கூடாது, நான்கு மாதமாவது பிட்சிங்கிலிருந்து விலகி இருக்க வேண்டும், ஒரே ஆட்டத்தில் பிட்சராகவும் கேட்சராகவும் நிற்கக் கூடாது என்றும் சொல்கிறது. உங்கள் மகன் இரண்டும் செய்பவன் என்பதால் கடைசி விதி முக்கியம்.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம், இந்த வயதில் முழங்கையிலும் தோளிலும் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் இன்னும் மூடியிருக்காது. அலபாமாவில் உள்ள அமெரிக்க விளையாட்டு மருத்துவ நிறுவனம் இளம் பிட்சர்களை ஆராய்ந்தபோது, ஆண்டில் எட்டு மாதத்துக்கு மேல் பிட்ச் செய்தவர்களுக்கு அறுவை சிகிச்சை ஆபத்து ஐந்து மடங்கு இருந்தது. கை சோர்ந்த பிறகும் வழக்கமாக வீசியவர்களுக்கு 36 மடங்கு. எனக்கு அந்த இரண்டாவது எண்தான் பயம் தருகிறது. பையன் சோர்ந்துவிட்டதைப் பார்த்தவுடன் அவனை வெளியே எடுக்கும் கோச் வேண்டும்.

அதை டிரைஅவுட்டில், அதாவது அணிக்கு ஆளெடுக்கும் தேர்வில், கண்டுபிடிக்க முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அந்த அணியின் கடைசி ஆட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலான அணிகள் ஸ்கோரை கேம்சேஞ்சர் செயலியில் பதிகின்றன. பிட்சர்கள் வீசிய பந்துகளின் கணக்கும் அதில் இருக்கும். அந்த அணியில் உள்ள ஒரு பெற்றோரிடம் கேட்டு, சனி, ஞாயிறு இரண்டு நாள் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். போட்டி விதிகளை மட்டும் நம்பவும் முடியாது. சில இடங்களில் பந்தை எண்ணுவதில்லை, இன்னிங்ஸைத்தான் எண்ணுகிறார்கள்.

அடுத்தது ஆட வாய்ப்பு. 17 பேரில் களத்தில் நிற்பது ஒன்பது பேர்தான். பதினான்கு வயதுப் பிரிவில் பொதுவாகப் பெரியவர்களின் அளவுதான். பிட்சர் 60 அடி 6 அங்குலத்திலிருந்து வீச வேண்டும், பேட்டர் ஓடித் தொட வேண்டிய பேஸ்களுக்கு இடையே 90 அடி. சிறிய மைதானத்திலிருந்து வரும் பையன்களுக்கு இது பழகச் சில மாதங்களாவது ஆகும். ஜார்ஜியா வரை போய் பெஞ்சில் உட்கார்ந்தால் அது பழகாது. பேட்டும் மாறப்போகிறது. உயர்நிலைப் பள்ளியில் உலோக பேட் என்றால் பிபிகோர் (பந்து துள்ளும் வேகத்துக்கு வரம்பு வைக்கும் தரச்சான்று) முத்திரையுள்ள பேட்தான் அனுமதி. 32 அங்குல பேட் என்றால் எடை 29 அவுன்ஸுக்குக் குறையக் கூடாது. அதற்கு இப்போதே பழக்குகிறாரா என்றும் கோச்சிடம் கேளுங்கள். கோச்சின் சொந்த மகன் அணியில் இருந்தால் அதுவே குறையில்லை, ஆனால் அவன் எந்த இடத்தில் ஆடுகிறான் என்று கவனியுங்கள்.

சரி, உதவித்தொகை. கிளப்பின் இணையதளத்தில் கல்லூரிக்குப் போனவர்களின் பட்டியல் இருந்தால், அவர்களில் எத்தனை பேர் மூன்றாவது அணியில் ஆடியவர்கள் என்று கேளுங்கள். கல்லூரி விளையாட்டின் மூன்று பிரிவுகளில் மேல்மட்டமான முதல் டிவிஷன் கல்லூரிக் கோச்சுகள், பதினோராம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1 வரை உங்கள் மகனோடு ஆள்சேர்ப்புப் பேச்சே வைக்க முடியாது. ஆக இன்னும் அவகாசம் இருக்கிறது. சில ஆண்டுகள் முன்புவரை ஒரு முதல் டிவிஷன் பேஸ்பால் அணிக்கே மொத்தம் 11.7 முழு உதவித்தொகைக்குச் சமமான பணம்தான், அதைத்தான் பலருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 2025-இல் வந்த நீதிமன்றத் தீர்வுக்குப் பிறகு அதை ஏற்ற கல்லூரிகளுக்கு அந்த வரம்பு இல்லை, ஆனால் ஓர் அணிக்கு 34 பேர்தான். மூன்றாம் டிவிஷனில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. கிளப் கட்டணத்தைக் கல்லூரிச் செலவுக்கான முதலீடாக நினைக்காதீர்கள். பத்தாம் வகுப்பு முடியும் கோடையில் அவன் பந்து வேகமாக வந்தால், ஜார்ஜியாவின் எமர்சனில் உள்ள லேக்பாயிண்ட் போன்ற, கல்லூரிக் கோச்சுகள் ஆட்டம் பார்க்க வரும் பெரிய விளையாட்டு வளாகங்களுக்குக் கூட்டிப் போங்கள். அப்போது அந்தச் செலவுக்கு அர்த்தம் உண்டு.

எந்த அணியானாலும் கட்டணத்தில் என்னென்ன அடங்கும், போட்டி நடத்துபவர்கள் சொல்லும் ஹோட்டலில்தான் தங்க வேண்டுமா, நடுவில் காயம் பட்டால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.