641ஆல் வகுப்பது எப்படி?

அன்புள்ள ஐயா,

ஒன்பதாவது படிக்கும் என் மகளுக்கு, பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மாவின் பெயரால் வழங்கும் ஃபெர்மா எண்களைப் பற்றிச் சொன்னேன். 3இல் தொடங்கி, ஒன்றைக் கழித்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண் வரும். 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள், அடுத்து வரும் 4294967297உம் அப்படித்தான் என்றேன். “உறுதியா அப்பா?” என்றாள். கைபேசியில் தட்டிப் பார்த்தால் 641ஆல் வகுபடுகிறது! ஃபெர்மாவே தவறுவார் என்றால் கணிதத்தில் எதை நம்புவது? இந்த எண்ணால் என்ன பயன்? அவளுக்கு என்ன புத்தகம் வாங்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

“உறுதியா?” என்று கேட்ட அந்தப் பிள்ளைக்கு என் அன்பைச் சொல்லுங்கள். சில நாட்களாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார், “அஞ்சு தடவை வந்துச்சுன்னா ஆறாவது தடவையும் வந்துடுமாடா?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை சாக்பீஸைக் கீழே வைக்க மாட்டார். அவள் கேட்டதும் அதேதான்.

பயன் கிடக்கட்டும். ஃபெர்மாவைப் பழிக்காதீர்கள். இவை எல்லாம் பகா எண்கள் என்று 1640இல் நம்பினார், ஆனால் நிரூபணம் கைவசம் இல்லை என்றும் எழுதினார். நீங்கள்தான் அந்த நம்பிக்கையை முடிந்த உண்மையாக மகளிடம் சொன்னீர்கள். கணிதம் யாரையும் நம்பச் சொல்வதில்லை.

எனக்குக் கோபம் கைபேசியில்தான். அது 641 என்று சொன்னது, சரி. ஏன் 641 என்று சொன்னதா? 4294967297ஐ மீதியின்றி வகுக்கும் பகா எண் இருந்தால், அதை 64ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே ஆகவேண்டும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று போகின்றன. 2, 3, 5 என்று வரிசையாக வகுத்துக்கொண்டு போனால் 641 வருவது 116ஆவது இடத்தில். இந்த வழியில் ஐந்தாவது. 1732இல் 641ஐக் காட்டிய சுவிஸ் கணித மேதை ஆய்லர், இந்தக் காரணத்தைப் பின்னாளில் விளக்கினார். இதற்கு அடிப்படையான தேற்றம் ஃபெர்மாவுடையது, அதே 1640இல் அவரே எழுதியது! கருவி கையில் இருந்தும், ஐந்தே வகுத்தலில் கிடைக்கும் 641ஐ அவர் கண்டுபிடிக்கவில்லையே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை. 65537க்கு அப்பால் ஒரு ஃபெர்மா பகா எண்கூட இன்றுவரை அகப்படவில்லை.

பத்து இலக்கம் என்று மிரள வேண்டாம். 65536ஐ 65536ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் உங்கள் எண். 65536ஐ 641ஆல் வகுத்தால் மீதி 154. பெரிய எண்களை விட்டுவிட்டு மீதியை மட்டும் பெருக்கினால் போதும். 154ஐ 154ஆல் பெருக்கினால் 23716, ஒன்று கூட்டினால் 23717. அதை 641ஆல் அவளே வகுக்கட்டும், நீங்கள் விடையைச் சொல்லிவிடாதீர்கள். அப்புறம் 257ஆலும் இதே மாதிரி வகுத்து, அங்கே மீதி ஏன் 2 வருகிறது என்று கேளுங்கள்.