எழுபது வயதில், மூட்டு வலியோடு, ஊருக்கும் மண்ணுக்கும் என்ன செய்யலாம்?

குழி தோண்டுவதை இளவட்டங்களிடம் விட்டுவிடுங்கள். நாற்று வளர்ப்பதுதான் உங்களுக்குத் தோதான வேலை. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளுக்கு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களுக்கு, வெள்வேல் மரம் நல்லது. விதைத்தோல் கெட்டி, கொதித்து இறக்கிய நீரில் போட்டு, இரவு முழுக்க ஊறவிட்டால்தான் ஒழுங்காக முளைக்கும். அடுப்பிலேயே கொதிக்கவிட்டால் வெந்துவிடும். வேம்பு நேரெதிர்: ஆனி, ஆடியில் உதிரும் பழத்தின் சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் ஊன்றுங்கள். சேர்த்துவைத்தால் முளைப்புத்திறன் போய்விடும்.

நாற்றுப் பையில் செம்மண் 2, மணல் 1, மட்கிய தொழுவுரம் 1 பங்கு. அடியில் துளை கட்டாயம், இல்லாவிட்டால் வேர் அழுகும். விதைக்கு மேல் விரல்கடை மண் போதும். பைகளை இடுப்புயர மேசையில் அடுக்கினால் குனிய வேண்டியதில்லை, வேரும் தரையில் இறங்காது. தண்ணீருக்கு வாளி தூக்காதீர்கள், சொம்பு போதும். கன்று வாங்க வருபவரிடம், நட்ட அன்றே கன்றைச் சுற்றி முள் கட்டச் சொல்லுங்கள். நம் ஊர் வெள்ளாடு மறுநாள் வரை பொறுக்காது.