தையல் மெஷினுக்குள் ஒரு காதல் கட்டு

கேள்வி: க்ளீவ்லாந்துக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். நூறு வயதை நெருங்கி இறந்துபோன ஒரு பாட்டியின் வீட்டுச் சாமான்களை எஸ்டேட் சேலில் விற்றார்கள். நான் ஒரு பழைய தையல் மெஷின் வாங்கினேன். அதன் இழுப்பறையில் ரிப்பன் கட்டிய கடிதக் கட்டு! மைனர் லீக்கில் பேஸ்பால் ஆடி, பிறகு ராணுவ விமானியான ஓர் இளைஞன் 1942 முதல் 1944 மார்ச் வரை காதலிக்கு எழுதியவை. டெக்சாஸில் பயிற்சியின்போது பக்கம் பக்கமாக எழுதியவன், இங்கிலாந்து போனதும் சாப்பாடு, மழை, பந்தாட்டம் என்று நாலு வரியோடு நிறுத்திக்கொள்கிறான். அன்பு குறைந்துவிட்டதா? கட்டின் அடியில் அந்தப் பெண்ணின் கையெழுத்தில், முத்திரை குத்திய மூன்று உறைகள் பிரிக்காமலே இருக்கின்றன. அவற்றைப் பிரிக்கலாமா? எல்லாவற்றையும் தமிழில் மொழிபெயர்த்து முகநூலில் தொடராகப் போட ஆசை. "அடுத்தவங்க காதல் கடிதத்தைப் படிக்கிறதே தப்பு" என்கிறார் கணவர்.
— ஓஹையோ வாசகி

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த மூன்று உறைகள். பிரிக்காதீர்கள்.

அவை பாட்டி அனுப்பி, அவரிடமே திரும்பி வந்தவையாகத்தான் இருக்க வேண்டும். விமானி இறந்தாலோ காணாமல் போனாலோ, அவர் பேருக்கு வரும் தபாலில் அதைக் குறித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அரசின் தந்தி பெற்றோருக்கோ மனைவிக்கோ போகும், காதலிக்குப் போகாது. திரும்பி வந்ததைப் பாட்டியே இத்தனை வருஷம் பிரிக்கவில்லை. நமக்கு என்ன அவசரம்?

முத்திரையில் என்ன இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. 'காணவில்லை' என்ற பொருளில் இருந்தால் அந்தப் பையன் இறந்தான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அப்படி அறிவிக்கப்பட்ட பலர் ஜெர்மானியச் சிறைமுகாமிலிருந்து போர் முடிந்து ஊர் திரும்பினார்கள். யார் கண்டது, பாட்டியைக் கட்டிக்கொண்டவரே அவராக இருக்கலாம். பாட்டியின் கணவர் பேரை இரங்கல் செய்தியில் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

மறுபக்கமும் உண்டு. உங்கள் க்ளீவ்லாந்தில் பிறந்த எல்மர் கெடியன் 1939இல் வாஷிங்டன் செனட்டர்ஸ் என்ற பேஸ்பால் அணிக்கு ஐந்து ஆட்டம் ஆடியவர். 1942 ஆகஸ்டில் வட கரோலினாவில் அவர் இருந்த பி-25 குண்டுவீச்சு விமானம் விழுந்து எரிந்தபோது, விலா எலும்பு முறிந்திருந்தும் மறுபடி உள்ளே ஊர்ந்து போய் சகவீரர் ஒருவரை வெளியே இழுத்து வந்தார். 1944 ஏப்ரல் 20 அன்று பிரான்சின் மேல் அவர் ஓட்டிய பி-26 சுட்டு வீழ்த்தப்பட்டது. வயது 27 முடிந்து ஐந்து நாள். வீட்டுக்கு முதலில் வந்தது 'காணவில்லை' என்ற செய்திதான். கல்லறை இருக்கும் இடம் அடுத்த வருஷம் மே மாதம்தான் தெரிந்தது. அத்தனை மாதமும் ஒரு குடும்பம் எதை நம்பி உட்கார்ந்திருக்கும்?

உங்கள் பையனுக்கு என்ன ஆயிற்று என்று பார்க்க வழி இருக்கிறது. திரும்பி வராத விமானங்களைப் பற்றி 1943 நடுவிலிருந்து எழுதப்பட்ட அறிக்கைகளை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. பேரைப் போட்டுத் தேடுங்கள். அவருடைய சர்வீஸ் ஃபைலை மட்டும் ரொம்ப எதிர்பார்க்க வேண்டாம். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் ஆவணக் கிடங்கில் பிடித்த தீயில், 1912க்கும் 1960க்கும் இடையே பணி முடித்த தரைப்படையினரின் கோப்புகளில் ஐந்தில் நான்கு பங்கு போய்விட்டது. அன்றைய விமானிகள் தரைப்படைக் கணக்கில்தான் வருவார்கள். ஆகவே உங்கள் கையிலிருக்கும் கட்டு அவருக்கு மிஞ்சிய ஒரே பதிவாகக்கூட இருக்கலாம். ரப்பர் பேண்டு, செல்லோடேப், லாமினேஷன் எதுவும் கிட்டே வரக் கூடாது. உறையையும் கடிதத்தையும் பிரித்து வைக்காதீர்கள். தேதி உறையில்தான் இருக்கும்.

அன்பு குறைந்ததா என்றால், கடிதத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. டெக்சாஸிலிருந்து வந்த கடிதத்தை யாரும் பிரித்துப் படிக்கவில்லை. கடல் தாண்டியதும் தணிக்கை. எந்த ஊர், எத்தனை விமானம் போயிற்று, எத்தனை திரும்பிற்று, யார் செத்தான் என்று எதையும் எழுத முடியாது. சாதாரண வீரனின் கடிதத்தை அவனுடைய அதிகாரியே படிப்பார். விமானி அதிகாரியாக இருந்தால் தன் கடிதத்துக்குத் தானே பொறுப்பேற்று உறையின் இடது கீழ் மூலையில் கையெழுத்திடுவார். அதையும் இடையிடையே பிரித்துப் பார்ப்பார்கள். உங்கள் உறைகளில் அந்தக் கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். உள்ளங்கையளவுப் படமாக வந்த கடிதங்கள் இருந்தால் அவை வி-மெயில். 1942 ஜூனில் தொடங்கிய ஏற்பாடு. கடிதத்தை மைக்ரோஃபிலிமில் படமெடுத்து, கடலுக்கு இந்தப் பக்கம் அச்சிட்டுக் கொடுப்பார்கள். 37 மூட்டைத் தபால் ஒரே மூட்டையில் அடங்கியது. தாளே ஒரு பக்கம்தான். அதைத் தணிக்கைக்காரர், படமெடுப்பவர் என்று எத்தனை கை தொடும் என்பது தெரிந்த கூச்ச சுபாவக்காரப் பையன் அதில் என்னத்தை எழுதுவான்? மிஞ்சுவது மழை, சாப்பாடு, பந்தாட்டம். இந்த மூன்றில் பந்தாட்டம் மட்டும் அவர்கள் இருவருக்கும் பொதுவானது. அந்த நாலு வரியை இன்னொரு முறை படியுங்கள். "இன்னும் பதினொன்று பாக்கி" என்பதுபோல் எங்காவது எண் தென்பட்டால் அது ஆட்டக் கணக்கு அல்ல. கனரக பாம்பர் குழுவினர் 25 முறை போய் வந்தால் வீடு திரும்பலாம் என்று இருந்தது. 1944 வசந்தத்தில் அது 30 ஆயிற்று, பிறகு 35.

உங்கள் கணவர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். எதேச்சையாகக் கிடைத்ததைப் படித்தது தப்பில்லை. முகநூலில் போடுவது வேறு விஷயம். காசு கொடுத்தது மெஷினுக்கு. உள்ளே கட்டு இருந்ததே விற்றவர்களுக்குத் தெரியாது. சட்டப்படி பார்த்தாலும், தாள் உங்களுடையது என்று வைத்துக்கொண்டாலும் எழுத்தின் உரிமை எழுதியவரின் வாரிசுகளுக்கு. வெளிவராத கடிதமென்றால் எழுதியவர் இறந்து 70 வருஷம் வரை. அவர் 1944இல் இறந்திருந்தால் 2014 கடைசியோடு அந்தத் தடை தீர்ந்தது. 1990 வரை வாழ்ந்திருந்தால் தீரவில்லை. சட்டம் விட்டாலும் பாட்டியின் பிள்ளைகள் இருக்கிறார்களே. அம்மாவின் இருபது வயதை முன்பின் தெரியாத ஒருவரின் தொடரில் அவர்கள் படிக்க வேண்டுமா?

இன்னொன்று. ஐரோப்பாவில் இறந்த வீரரின் உடைமைகள் கான்சாஸ் சிட்டியில் இருந்த ராணுவக் கிடங்குக்கு வரும். குடும்பத்துக்குச் சங்கடம் தரக்கூடியதை எடுத்துவிட்டு, மீதியைப் பெற்றோருக்கோ மனைவிக்கோ அனுப்புவார்கள். அந்தப் பையன் இறந்திருந்தால், அதற்கு முன் அவன் கைக்குக் கிடைத்த பாட்டியின் கடிதங்கள் பாட்டியிடம் திரும்பியிருக்காது; அந்தப் பையனின் அம்மா வீட்டுக்குப் போயிருக்கும். அந்த வீட்டிலும் ஒரு கட்டு இருக்கலாம். ஆனாலும் முதலில் தேட வேண்டியது பாட்டியின் குடும்பத்தைத்தான். கட்டு அவர்கள் வீட்டிலிருந்து வந்தது.

சேல் நடத்திய நிறுவனத்துக்குத் தங்கள் வாடிக்கையாளர் யார் என்று தெரியும். முகவரி கேட்காதீர்கள், தர மாட்டார்கள். உங்கள் கடிதத்தை அனுப்பிவைக்கச் சொல்லுங்கள். "தையல் மெஷினில் உங்கள் அம்மாவின் சில கடிதங்கள் இருந்தன, திருப்பித் தர விரும்புகிறேன்" என்பது போதும். காதல், விமானி என்றெல்லாம் முதல் கடிதத்திலேயே வேண்டாம், பிள்ளைகளுக்குத் தெரியாமலிருக்கலாம். மொழிபெயர்க்கும் ஆசையை, அவர்கள் கட்டைப் பார்த்து முடித்தபிறகு கேளுங்கள். மகிழ்ச்சியோடு சம்மதிப்பவர்கள் நிறைய. பேரையும் ஊரையும் மாற்றிப் போடச் சொன்னால் மாற்றுங்கள்.

பதிலே வராவிட்டால் இரண்டாம் முறை எழுதுங்கள். "எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டால், கலிபோர்னியாவில் சாப்மன் பல்கலைக்கழகம் போர்க் கடிதங்களுக்கென்றே ஒரு மையம் நடத்துகிறது, அவர்களிடம் பேசுங்கள். இணையத்தில் ஏலம் விடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். வாங்குகிறவர் உறைக்கு ஒரு விலை வைத்துத் தனித்தனியாக விற்றுவிடுவார்.