லூசெர்னில் ஒரே நாள், 32 பேர்: ஏரி, மலை, பழைய நகரம் மூன்றும் முடியுமா?

கேள்வி: மதுரையிலிருந்து 32 பேரை ஜூன் மாதம் சுவிட்சர்லாந்துக்கு அழைத்துப் போகிறேன். பாதிப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள், பலர் சைவம். ரயில், படகு, பேருந்துக்கெல்லாம் ஒரே சீட்டான சுவிஸ் டிராவல் பாஸ் எல்லோரிடமும் உண்டு. லூசெர்னில் கிடைப்பது ஒரே நாள், காலை 8.30 முதல் மாலை 6 வரை. உள்ளூர் வழிகாட்டி கிடையாது. ஏரிப் படகு, ஒரு மலை, பழைய நகரம் மூன்றையும் முடிக்க இயலுமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: முடிக்கலாம். ஆனால் எந்த மலை என்பதை நீங்கள் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். லூசெர்னுக்கு வரும் குழுக்கள் பெரும்பாலும் திண்டாடுவது சரித்திரம் தெரியாததால் அல்ல. ஒருவர் 5 நிமிடத்தில் செய்வதை 32 பேர் செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போடாததால்தான்.

ஊரிலிருந்து போய்வரும் மலைகளில் மூன்று புகழ்பெற்றவை. டிட்லிஸ் பனிமலைக்கு எங்கெல்பெர்க் என்ற ஊர் வரை போய் அங்கிருந்து கேபிள் காரில் ஏற வேண்டும். உச்சி நிலையம் 3,020 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இதய நோய், மூச்சுத் தொல்லை உள்ளவர்களுக்கு மருத்துவரைக் கேட்காமல் அது உகந்ததல்ல, நகரத்துக்கும் அன்று நேரம் மிஞ்சாது. பிலாத்துஸ் மலைக்கு ஏரிக்கரை ஊரான அல்ப்நாக்ஸ்டாடிலிருந்து ஏறும் பற்சக்கர ரயில் அற்புதமானது. சில இடங்களில் ஏற்றம் 48 சதவீதம் வரை போகும். ஆனால் பாஸ் வைத்திருந்தாலும் அங்கே பாதிக் கட்டணம் கொடுக்க வேண்டும், படகு, ரயில், கேபிள் கார், பேருந்து என்று பல முறை மாறவும் வேண்டும்.

உங்கள் குழுவுக்கு நான் சொல்வது ரீகி. உச்சி 1,798 மீட்டர். ஏரிப் படகும் மலை ரயிலும் பாஸிலேயே அடங்கிவிடும். ஏரிக்கரை ஊரான விட்ஸ்னவ்விலிருந்து 1871இல் தொடங்கிய விட்ஸ்னவ் – ரீகி பாதைதான் ஐரோப்பாவின் முதல் மலை ரயில். முதியவர்களை நினைத்துப் பார்த்தால் இன்னொரு பெரிய வசதியும் உண்டு: விட்ஸ்னவ்வில் படகுத்துறையை ஒட்டியே ரயில் நிற்கும். இறங்கி நாலு எட்டு வைத்தால் ஏறிவிடலாம். திரும்பும்போது வேறு வழியில் போகலாமே என்று நடுவழியில் உள்ள கால்ட்பாட் நிறுத்தத்திலிருந்து கேபிள் காரில் வெக்கிஸ் என்ற ஏரிக்கரை ஊருக்கு இறங்கச் சிலர் ஆசைப்படுவார்கள். வெக்கிஸில் கேபிள் கார் நிலையம் மேட்டில் இருக்கிறது. படகுத்துறைக்குக் கால் மணி நேரம் சரிவில் நடக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இறக்கம்தான் ஏற்றத்தைவிடத் துன்பம். போன வழியிலேயே திரும்புங்கள்.

லூசெர்னிலிருந்து விட்ஸ்னவ்வுக்குப் படகு ஏறக்குறைய ஒரு மணி நேரம், அங்கிருந்து உச்சிக்கு ரயில் அரை மணி நேரம். 9 மணியை ஒட்டிய படகைப் பிடித்தால் 11 மணிக்குள் மேலே இருப்பீர்கள். ஒன்றரை மணி நேரம் மலையில் இருந்துவிட்டு இறங்கினால், இணைப்புக்குக் காத்திருப்பதையும் சேர்த்து 2.30 வாக்கில் லூசெர்ன். 32 பேர் என்றால் படகிலும் ரயிலிலும் குழுப் பதிவு முன்கூட்டியே செய்துவிடுங்கள். சரியான நேரங்களை சுவிஸ் ரயில்வேயின் எஸ்பிபி செயலியில் உங்கள் தேதிக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் ஏறும்போது இடப்பக்க இருக்கைகளில் ஏரி நன்றாகத் தெரியும்.

முதல் நாள் இரவிலும் அன்று காலையிலும் ரீகியின் நேரலைக் கேமராவைக் கட்டாயம் பாருங்கள். ஊரிலிருந்து அண்ணாந்து பார்த்து மலையின் வானிலையை முடிவு செய்யாதீர்கள். கீழே மேகம் மூடியிருக்கும்போது மேலே வெயில் அடிக்கலாம். இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் இது அடிக்கடி நடக்கும், ஜூனில் குறைவு. இரண்டு இடத்திலும் மழை என்றால் மலையை விட்டுவிட்டுப் படகை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உச்சி நிலையத்திலிருந்து சிகரத்துக்குச் சரிவில் பத்து நிமிட நடை இருக்கிறது. முடியாதவர்கள் நிலையத்தருகிலேயே உட்கார்ந்து பார்க்கலாம், அங்கிருந்தும் காட்சி குறைவில்லை. ஜூனிலும் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் கையில் இருக்கட்டும்.

படகில் ஒரு சங்கடம் தவறாமல் வரும். நீராவிப் படகுகளில் மேல்தளம் முதல் வகுப்பு. இரண்டாம் வகுப்பு பாஸ் வைத்திருப்பவர்கள் மேலே போய் உட்கார்ந்தால், பரிசோதகர் வந்து கீழே போகச் சொல்வார். பெரியவர்களுக்கு அது அவமானமாகப் படும். ஏறுமுன்பே சொல்லிவிடுங்கள். படகுத்துறைகள் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே உள்ளன, ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. 20 நிமிடம் முன்னதாக அங்கே இருங்கள். குறித்த நிமிடத்தில் ஏறும் பலகையை எடுத்துவிடுவார்கள், ஓடி வருபவருக்காகப் படகு நிற்காது.

அடுத்தது கழிப்பறைக் கணக்கு. குழுவில் 18 பெண்கள், இரண்டே அறைகள், ஆளுக்கு 3 நிமிடம் என்று வையுங்கள். 27 நிமிடம் போய்விடும். ஆகவே எல்லோரையும் ஒரே இடத்தில் நிறுத்தாமல் பிரித்துவிடுங்கள்: படகில் ஒரு பகுதியினர், மலை உணவகத்தில் சிலர், நிலையத்தில் மீதிப்பேர். படகில் இருக்கும் ஒரு மணி நேரம்தான் இதற்கு மிக வசதி, செலவும் இல்லை. ரயில் நிலையங்களில் பெரும்பாலும் கட்டணம் உண்டு, ஒன்று அல்லது இரண்டு பிராங்க் நாணயங்களைக் கையில் வைத்திருங்கள்.

மதியம் நகரத்தில் தூரமான இடத்தை முதலில் முடியுங்கள். நிலையத்தின் முன்னாலிருந்து 1ஆம் எண் பேருந்து லோவன்பிளாட்ஸ் சதுக்கத்துக்குப் போகிறது. பாஸ் நகரப் பேருந்துக்கும் செல்லும். 32 பேரும் ஒரே பேருந்தில் ஏற முயன்றால் உள்ளே இருப்பவர்களுக்குத் தொந்தரவு, கடைசி மூன்று பேர் வெளியே நின்றுவிடுவார்கள். இரண்டாகப் பிரியுங்கள். முதல் பாதியுடன் நீங்கள், அடுத்த வண்டியில் வருபவர்களுடன் பொறுப்பான ஒருவர்.

அங்கிருந்து சில நிமிட நடையில் சிங்க நினைவுச்சின்னம். 1792 ஆகஸ்ட் 10 அன்று பாரிஸில் பிரெஞ்சு மன்னரின் துய்லரி அரண்மனையைக் காத்து மாண்ட சுவிஸ் காவலர்களுக்காகப் பாறையில் செதுக்கியது. வடிவமைத்தவர் டென்மார்க் சிற்பி தோர்வால்ட்சன், செதுக்கியவர் லூக்காஸ் ஆஹோர்ன், முடிந்த ஆண்டு 1821. சுமார் 10 மீட்டர் நீளம். ஈட்டி முறிந்து உடம்பில் தைத்திருக்க, சாகும் தறுவாயிலும் சிங்கத்தின் பாதம் பிரெஞ்சு அரச கேடயத்தின் மேல் இருப்பதைக் காட்டுங்கள். கதையைச் சிலையின் முன்னுள்ள குளத்தருகே போகுமுன், வாசலிலேயே சொல்லி முடித்துவிடுங்கள். அது இறந்தவர்களுக்கான இடம். உள்ளே அமைதியாக நின்று பார்க்கட்டும், படம் எடுத்துக்கொள்ளட்டும்.

பிறகு பழைய நகரத்தின் சதுக்கங்கள் வழியாக, சுவர் ஓவியங்கள் நிறைந்த வைன்மார்க்ட், கோர்ன்மார்க்ட் பார்த்துக்கொண்டு ரொயிஸ் ஆற்றங்கரைக்கு வாருங்கள். கருங்கல் பாவிய தரை, மழை பெய்தால் வழுக்கும். செருப்பு வேண்டாம், ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ போடச் சொல்லுங்கள். உங்கள் நாள் செவ்வாய் அல்லது சனி என்றால், ஆற்றங்கரைச் சந்தை காலையில்தான். மதியம் போகும்போது அதைக் காண முடியாது என்று முன்பே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது.

ரொயிஸ் ஆற்றின் மேல் உள்ள, கூரையிட்ட மரப்பாலமான சேப்பல் பாலம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, 200 மீட்டருக்குச் சற்று மேல் நீளம். 1993 ஆகஸ்டில் இரவு நெருப்பில் பெரும்பகுதி எரிந்து, அடுத்த ஆண்டே திருப்பிக் கட்டினார்கள். கூரைக்கடியில் முக்கோணப் பலகைகளில் இருந்த 17ஆம் நூற்றாண்டு ஓவியங்களில் பெரும்பாலானவை அந்தத் தீயில் போய்விட்டன. நடுவில் சில இடங்களில் வெறும் சட்டங்களும் கரிந்த பலகைகளும் தெரிவது அதனால்தான். பாலம் குறுகல். நீங்கள் நடுவில் நின்று விளக்க ஆரம்பித்தால் பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது, எதிரே வருபவர்களும் போக முடியாது. வடக்கு முனையில், புனித பீட்டர் சேப்பல் என்ற சிற்றாலயத்தருகே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தெற்கு முனையில் சேரச் சொல்லி அனுப்புங்கள். பாலமும் எண்கோண நீர்க்கோபுரமும் சேர்ந்த படம் பாலத்தில் நின்றால் கிடைக்காது. அடுத்துள்ள ராட்ஹவுஸ் நடைபாலத்தில் நின்றால் கிடைக்கும்.

கடை நேரத்தை எப்போதும் கடைசியில் கொடுங்கள். நடுவில் விட்டால் குழு மறுபடி முழுசாகச் சேராது. கைக்கடிகாரக் கடைகள் ஷ்வானன்பிளாட்ஸ் பக்கம், நிலையத்திலிருந்து ஏரிப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். சனிக்கிழமை கடைகள் சீக்கிரமே மூடும். ஞாயிறு பெரும்பாலானவை திறக்காது, ரயில் நிலையக் கடைகள் திறந்திருக்கும். விலையுயர்ந்தது வாங்குபவர்கள் மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெறும் படிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும், அதற்குப் பாஸ்போர்ட் தேவைப்படும். வரி இப்போது 8.1 சதவீதம். சுவிட்சர்லாந்தை விட்டு எந்த வழியில் வெளியேறுகிறீர்களோ, அந்த எல்லைச் சுங்கச் சாவடியில்தான் முத்திரை வாங்க வேண்டும். உங்கள் சுற்றுலாப் பேருந்து இத்தாலிக்கோ ஆஸ்திரியாவுக்கோ சாலை வழியாகப் போகிறது என்றால், அங்கே நிறுத்தும்படி ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவையுங்கள். தாண்டிவிட்டால் அந்தப் பணம் போனதுதான்.

சேரும் இடமாக நிலையத்தின் முன்னுள்ள பெரிய கல் வளைவைக் குறியுங்கள். 1971இல் பழைய நிலையம் எரிந்தபின் எஞ்சிய வாசல் அது. தனியாக நிற்பதால் வழி கேட்கத் தெரியாதவரும் கண்டுபிடிப்பார். வழி தவறியவர் தேடி அலையாமல் வளைவுக்கு வந்துவிட வேண்டும் என்பதே அன்றைய விதியாக இருக்கட்டும். ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உங்கள் கைபேசி எண், விடுதிப் பெயர் எழுதிய அட்டை ஒன்று இருக்கட்டும். ஆம்புலன்ஸ் 144, காவல் 117 என்பதையும் அதிலேயே எழுதுங்கள். தலை எண்ணுவதை மட்டும் நம்பாதீர்கள், இருவர் இருவராக ஜோடி சேர்த்துவிட்டால் யார் இல்லை என்பது உடனே தெரியும்.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் ஏமாறும் இடங்கள் சில உண்டு. ஃபொண்ட்யூ என்ற உருக்கிய பாலாடைக்கட்டி உணவில் வெள்ளை ஒயின் ஊற்றுவார்கள். காய்கறி சூப் இறைச்சிச் சாற்றில் கொதித்ததாக இருக்கலாம். ரோஸ்டி என்ற உருளைக்கிழங்கு அடையில் பன்றிக்கொழுப்பு சேரக்கூடும். கிரூயேர், எமென்டால் பாலாடைக்கட்டிகள் கன்றின் வயிற்று நொதியால் உறைந்தவை, கண்டிப்பான சைவக்காரர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள். பரிமாறுபவரிடம் இறைச்சி, மீன், முட்டை, இறைச்சிச் சாறு வேண்டாம் என்று ஜெர்மனில் எழுதிய அட்டையைக் காட்டுவது வாய்வார்த்தையைவிட நம்பகம். புளியோதரை, எலுமிச்சைச் சாதம் பொட்டலம் கட்டி எடுத்துப் போவதானால், மலையில் வெளிப் பெஞ்சுகளில் சாப்பிடுங்கள், உணவகத்தின் மேசையில் பிரிக்கக் கூடாது. உணவகத்தில் சாப்பிடுவதானால் பதிவு அவசியம். மதியம் 2 மணிக்குப் பிறகு பல சமையலறைகள் மாலை வரை மூடிவிடும். தண்ணீர் பாட்டில் வாங்க வேண்டாம். குடிநீர் அல்ல என்ற பலகை இல்லாத தெருக்குழாய்த் தண்ணீர் குடிக்கத் தக்கது.

மின்சாரச் செருகியையும் கிளம்புமுன் சொல்லிவிடுங்கள். கைபேசி சார்ஜரின் இரண்டு முள் சுவிஸ் பலகையில் பொருந்தும். நம் ஊரின் பெரிய மூன்று முள் பொருந்தாது, அதற்கு அடாப்டர் வேண்டும்.

கடைசியாக உங்கள் சுற்றுலாப் பேருந்தின் ஓட்டுநர். நகர நடுவில் அவர் உங்களுக்காகக் காத்து நிற்க முடியாது. இறக்கும் இடம், ஏற்றும் இடம், அன்றைய கட்டண விதி மூன்றையும் முந்தைய நாளே அவரிடம் உறுதி செய்யுங்கள். எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவது அங்கே சட்டவிரோதம். எனவே முன்கூட்டியே ஏசியைப் போட்டு வைக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு, நாளுக்குப் பொதுவாக 11 மணி நேரத் தொடர் ஓய்வு என்பதெல்லாம் அவர் மீற முடியாத விதி. மாலை 6 மணிக்கு ஏற வேண்டும் என்றால் குழுவுக்கு 5.15 என்று சொல்லுங்கள். 5.45க்கு எல்லோரும் வந்து, எண்ணி முடித்ததும் ஓட்டுநரை அழையுங்கள். அவர் வந்து நிற்க 10, 15 நிமிடம் பிடிக்கும்.